ஓடினால்தான் ரயில்

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும் லங்காஷயர் நூற்பாலைகளுக்குப் பருத்தி வரத்து அற்றுப்போனது. அந்த நாலைந்து வருடங்களில் திருநெல்வேலிச் சீமைக் கரிசல் பருத்திக்குக் கிடைத்த விலையைப் பற்றி நம் பொருளாதார வரலாற்றில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அதே தட்டுப்பாடு பூமியின் வேறொரு மூலையிலும் தன் தடத்தை விட்டுச் சென்றது. பருத்தியை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்று கண்ட மெக்கானெல் என்ற மான்செஸ்டர் ஆலைக் குடும்பம், வேல்ஸின் மேற்குக் கரையை ஒட்டிய மலையில் இருந்த பிரின் எக்லூயிஸ் சிலேட்டுக் கல் குவாரியில் பணத்தைப் போட்டது. அதுவரை அங்கே வெட்டிய கல் பொதிக்குதிரைகளின் முதுகில் மலையிறங்கி, டவி ஆற்றில் படகேறி, அபர்டவி துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கூரை வேயும் சிலேட்டு எடை மிகுந்த சரக்கு. குதிரைக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது. எனவே 1865இல் நாடாளுமன்றச் சட்டம் பெற்று, குவாரியின் அடிவாரத்திலிருந்து டவின் என்ற கடலோர ஊர்வரை சுமார் 11 கிலோமீட்டருக்குப் பாதை போட்டார்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 686 மில்லிமீட்டர்தான். நம் பழைய மீட்டர் கேஜில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. தாலிலின் ரயில்பாதை இப்படித்தான் பிறந்தது. கைவிடப்பட்ட சிற்றூர் ரயில்களை மீட்பது பற்றிய எந்த விவாதமும் இந்தப் பாதையைத் தொடாமல் முடிவதில்லை. தொழில் செத்த பிறகு ஒரு ரயிலைத் தன்னார்வலர்கள் கையிலெடுத்து ஓட்டிக் காட்டிய முதல் இடம் உலகிலேயே இதுதான்.

இத்தகைய ரயிலைப் பெரிய பாதைகளின் குட்டி வடிவம் என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய பாதை ஊர்களை இணைக்கப் போடப்படுகிறது. அதில் எந்தச் சரக்கும் ஏறும், யாரும் ஏறலாம். சிற்றூர்ப் பாதை பெரும்பாலும் ஒரே சரக்குக்காகப் பிறக்கிறது. ஓரிடத்தில் சிலேட்டு, இன்னோரிடத்தில் தேயிலை, வேறோரிடத்தில் பஞ்சு. அந்தச் சரக்கு தீர்ந்தாலோ லாரி வந்துவிட்டாலோ அது இருப்பதற்கான காரணமே போய்விடுகிறது. காரணம் போனதை மீட்க என்ன காரணம் சொல்ல முடியும்? நீராவி எஞ்சினின் அழகு, பழங்கால ஏக்கம், சுற்றுலா வருமானம் என்று வழக்கமாக மூன்று விடைகள் வரும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் சேர்ந்தும் போதவில்லை. அழகான எஞ்சினை அருங்காட்சியகத்தில் நிறுத்தலாம். ஏக்கத்துக்குப் புகைப்படம் போதும். வருமானம் வேண்டுமென்றால் விடுதி கட்டுவது இன்னும் சுலபம். குவாரியும் அதன் ஊரும் துறைமுகமும் ஒரே உடம்பாக இருந்தன என்பதைக் கண்முன் காட்டக்கூடியது இந்த ரயில் ஒன்றுதான் என்பதும், அந்த உடம்பை இயக்கிய கைத்திறன் தொடர்ந்து செய்யப்பட்டால் மட்டுமே பிழைக்கும் என்பதும்தான் மீட்புக்கு நான் காணும் காரணம். இதை ஒப்புக்கொண்டால் கூடவே ஒரு கண்டிப்பும் வந்து சேருகிறது. இந்த இரண்டையும் செய்ய வழியில்லாத இடத்தில் தண்டவாளத்தை மறுபடி போடுவதில் பொருளில்லை.

தாலிலின் பிழைத்த விதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். மற்ற இடங்கள் தவறவிட்டது எதுவென்று அதில் தெரியும். நல்ல காலத்தில் பிரின் எக்லூயிஸில் சுமார் 300 பேர் வேலை செய்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 8,000 டன் சிலேட்டு இறங்கியது. 1911இல் மெக்கானெல்கள் கைகழுவியபோது, டவினில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவரும் அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருமான ஹெய்டன் ஜோன்ஸ் குவாரியையும் ரயிலையும் சேர்த்து வாங்கினார். ஊர்க்காரர்களின் வேலை போய்விடக் கூடாது என்ற எண்ணம் அதில் பெரிதாக இருந்தது. 1946 டிசம்பரில் குவாரிக்குள் பாறை சரிந்து வேலை நின்றது. சரக்கு போய்விட்டது, ரயிலை நிறுத்த இதைவிட நல்ல நியாயம் வேறில்லை. ஆனாலும் தாம் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும் என்றார் ஜோன்ஸ்; வாரத்தில் சில நாட்கள் மட்டும், கோடையில் மட்டும் என்றாலும் ஓடியது. 1948இல் பிரிட்டிஷ் ரயில்கள் நாட்டுடைமையானபோது இந்தச் சிறிய பாதை பட்டியலில் சேராமலே விடுபட்டது. சேர்ந்திருந்தால் அடுத்த வருடமே மூடியிருப்பார்கள் என்று நினைக்க இடமுண்டு. பக்கத்துப் பள்ளத்தாக்கின் கோரிஸ் ரயில் பட்டியலில் இருந்தது. அது அந்த 1948இலேயே மூடப்பட்டது.

1950 ஜூலையில் ஜோன்ஸ் இறந்தார். அப்போது ஓடக்கூடிய நிலையில் இருந்தது 1866இல் செய்த ‘டோல்கோக்’ என்ற ஒரே எஞ்சின். ஸ்லீப்பர் கட்டைகள் உளுத்துப்போய், பல இடங்களில் புல்லும் மண்ணும்தான் தண்டவாளத்தை விலகாமல் பிடித்துக்கொண்டிருந்தன. உள்நாட்டுக் கால்வாய்களைக் காக்கும் இயக்கத்தில் ஏற்கெனவே முன்னின்ற எழுத்தாளர் டாம் ரோல்ட்டும் அவருடைய நண்பர்களும் அந்த அக்டோபரில் பர்மிங்ஹாமில் ஒரு விடுதியில் கூட்டம் கூட்டினார்கள். அதிலிருந்து ஒரு மீட்புச் சங்கம் பிறந்தது. ஜோன்ஸின் மனைவி பங்குகளைச் சங்கத்துக்குக் கொடுக்க முன்வந்தார். 1951 மே 14 அன்று சங்கத்தின் முதல் ரயில் கிளம்பியது, முழுத் தூரமும் போகவில்லை என்றாலும். உலகில் அபூர்வமான அந்த 686 மில்லிமீட்டர் அளவுக்கு வேறெங்கும் எஞ்சின் தேட முடியாது. மூடிக் கிடந்த கோரிஸ் ரயிலின் இரண்டு எஞ்சின்கள் அதே அளவு என்பதால் தலைக்கு 25 பவுனுக்கு வாங்கப்பட்டு மலையின் இந்தப் பக்கம் வந்தன. செத்த ரயிலின் எஞ்சின்கள் சாகக் கிடந்த ரயிலை ஓட்டின. இந்த வரலாற்றில் பலரும் ரோல்ட்டின் துணிவைப் போற்றுகிறார்கள். அது நியாயம்தான். ஆனால் அதற்கு முந்திய நான்கு வருடங்களில், சரக்கே இல்லாத பாதையை ஒரு முதியவரும் ஓரிரு வேலையாட்களும் நிற்காமல் ஓட்டியதை நான் அதைவிடப் பெரிதாக எண்ணுகிறேன். ஓட்டம் அறாததால் நிலம் கைமாறவில்லை. தண்டவாளம் பழைய இரும்புக்குப் போகவில்லை. அந்த எஞ்சினை எப்படிப் பழக்கி ஓட்டுவது என்று அறிந்த ஆட்களும் ஊரிலேயே இருந்தார்கள்.

இடைவெளி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் டெவன் மாவட்டம் சாட்சி. 1898இல் திறந்த லின்டன் – பார்ன்ஸ்டபிள் சிறுபாதை சுமார் 31 கிலோமீட்டர் நீளம். 1935இல் அதை மூடி, கையோடு ஏலம் விட்டார்கள். தண்டவாளம் பெயர்க்கப்பட்டது, ஒரு எஞ்சின் கப்பலேறிப் பிரேசிலுக்கே போனது. அங்கே மறுபடி ரயில் ஓடியது 2004இல். அதுவும் மிகக் குறுகிய தூரம்தான். ஏறக்குறைய 70 வருடங்கள். பாதை இருந்த நிலமெல்லாம் வயலாகவும் வீட்டுமனையாகவும் ஆகியிருந்தது. ஆர்வத்திலும் உழைப்பிலும் அதை மீட்ட சங்கத்தார் தாலிலின்காரர்களுக்கு எள்ளளவும் குறைந்தவர்கள் அல்லர். ஒரு ரயில் மூடப்பட்ட அடுத்த மாதம் எடுக்கும் முடிவுதான் அடுத்த நூறு வருடத்தைத் தீர்மானிக்கிறது. அந்த ஒரு மாதத்தில் முடிவெடுக்கிற அதிகாரியின் மேசைக்கு மரபு பற்றிய வாதம் பெரும்பாலும் வந்து சேர்வதே இல்லை.

தொழில் மரபு என்றால் புகைபோக்கிகளும் பழைய ஆலைக் கட்டடங்களும் என்றே பலர் எண்ணுகிறார்கள். 2003இல் ருஷ்யாவின் நிஸ்னி தகில் நகரில் தொழில் மரபு அறிஞர்கள் உருவாக்கிய சாசனம், மனிதக் கைத்திறனையும் மறையக்கூடிய செல்வமாகக் கருதி அடுத்த தலைமுறைக்குக் கடத்த வேண்டும் என்கிறது. ஆலைக் கட்டடம் ஓடாமலே நிற்கும். கூரையைப் பழுது பார்த்தால் இன்னும் 100 வருடம் நிற்கும். ஓடாத பாய்லரின் கதி வேறு. குழாய்கள் அரிக்கும், அதை மூட்டத் தெரிந்தவர் இறந்துபோவார், எந்த ஏற்றத்தில் எவ்வளவு கரி போட வேண்டும், தண்ணீர் அளவு எங்கே நிற்க வேண்டும், சிலீரென்று பனி பெய்த காலையில் சக்கரம் வழுக்கினால் எப்போது மணல் விட வேண்டும் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் முழுதாகக் கிடைக்காது. டிரைவர் ஃபயர்மேனுக்கு அருகில் நின்று கற்பித்தால் உண்டு. இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டாம். நீலகிரி மலை ரயிலின் பல்சக்கர எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை. அவை மூப்படைந்தபோது திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் அதே வகையில் புதிய நீராவி எஞ்சின்களைத் தானே கட்டத் தொடங்கியது. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே அந்த ரயில் ஒருபோதும் அருங்காட்சியகப் பொருளாகாமல் ஓடிக்கொண்டே இருந்ததால்தான், 21ஆம் நூற்றாண்டில் நீராவி எஞ்சின் கட்டும் கைகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன.

இங்கே முதல் மறுப்பு எழும். எல்லாவற்றையும் மாற்றிவிட்ட பிறகு மிஞ்சுவது மரபா, நகலா? கேள்வி கனமானது. 1950களின் இறுதியில், பாதையின் பெயரையே கொண்ட ‘தாலிலின்’ எஞ்சினைத் தொழிற்சாலைக்கு அனுப்பி ஏறக்குறைய மறுபிறப்பே கொடுத்தார்கள். புதிய பாய்லர் வந்தது. பாதையில் இன்றிருக்கும் தண்டவாளமும் கட்டையும் 1865இல் போட்டவை அல்ல. கோரிஸில் 2002இல் பயணிகள் ரயிலை மீண்டும் தொடங்கியவர்கள், பழைய எஞ்சின் அச்சில் புதிய எஞ்சினையே கட்டிக்கொண்டார்கள். கல்கோயிலைக் காப்பவரின் அளவுகோலில் இதெல்லாம் தேறாது. நமக்கோ வேறோர் அளவுகோல் பழக்கமானது. திருவாரூர் ஆழித்தேர் 1926இல் எரிந்தது. புதிதாகச் செய்த தேர் சிலகாலம் ஓடி, பிறகு பல வருடங்கள் நிலையில் நின்று, 1970இல் மறுபடி ஓடியது. அப்போது அதற்கு இரும்புச் சக்கரமும் நீரழுத்தத் தடையும் அமைத்தது திருச்சி பெல் ஆலை. அதை ஆழித்தேர் இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. வீதி அதே வீதி; இழுக்கும் முறை, முட்டுக்கட்டை போடும் முறை, திருப்பும் முறை எல்லாம் அதே மரபு. ஓடுவதற்காகவே செய்யப்பட்ட பொருளில் தேய்மானம் அதன் இயல்பு. குவாரி நடந்த காலத்திலும் அந்த எஞ்சின்களின் உறுப்புகள் மாற்றப்பட்டுக்கொண்டேதான் இருந்தன. மாற்றக் கூடாதவை பாதையின் தடமும் அளவும் வேலைசெய்யும் முறையுமே. மாற்றியதை எழுதிவைக்க வேண்டும், கழற்றிய பழைய உறுப்பைப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் நான் சேர்ப்பேன். பழுதுபார்ப்புப் பதிவேடு இல்லாத மீட்பு, நாளடைவில் தன்னைப் பற்றியே பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

இரண்டாவது மறுப்பை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். வண்ணம் பூசிய பெட்டியில் உட்கார்ந்து பள்ளத்தாக்கை ரசிப்பவருக்கு, அந்தப் பாதை எந்த உழைப்பைச் சுமந்தது என்று தெரிவதில்லை. ரயில் அழகாக ஆக ஆகக் குவாரி மறைந்துகொண்டே போகிறது. உண்மை. பிரின் எக்லூயிஸ் தொழிலாளிகளில் பலர் வாரம் முழுதும் மலைமேல் கொட்டடிகளில் தங்கி, ஓய்வு நாளுக்கு மட்டுமே வீட்டுக்கு இறங்கினார்கள். சிலேட்டுத் தூசி நுரையீரலைக் கல்லாக்கியது. வட வேல்ஸ் முழுவதும் குவாரிகள் மூடியபோது, நோயோடு எஞ்சியவர்களுக்கு நட்டஈடு கேட்டு வழக்குப் போடக்கூட முதலாளி இல்லை. நெடிய போராட்டத்துக்குப் பிறகு 1979இல்தான் அவர்களுக்காகச் சட்டம் வந்தது. அதே குவாரிகளில் ‘கபான்’ என்ற உணவுக்கொட்டகையில் தொழிலாளிகள் வெல்ஷ் மொழியில் அரசியலும் சமயமும் கவிதையும் விவாதித்தார்கள். அந்த மக்களின் அறிவு வாழ்க்கை அங்கே நடந்தது. இதோடு ஒரு நெருடலும் உண்டு. மீட்புச் சங்கம் பிறந்தது பர்மிங்ஹாமில். முதலில் வந்து உழைத்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயர்கள். வெல்ஷ் பேசும் ஊரின் ரயிலை வெளியூர் ஆங்கிலேயர் பொழுதுபோக்காக ஓட்டுகிறார்கள் என்ற மனக்குறை பிறந்ததில் வியப்பில்லை.

ஆனால் இதற்கு ரயிலை மூடுவது பதிலாகாது. குவாரி இன்று காட்டுக்குள் மறைந்து கிடக்கிறது. தொழிலாளிகளுக்காக வளர்ந்த அபர்கனோல்வின் ஊரின் வீட்டு வரிசைகளைப் பார்த்து எந்த வழிப்போக்கருக்கும் அதன் கதை விளங்காது. 1976இல் சங்கத்தார் பழைய சரக்குப் பாதையையும் மீட்டு, பயணிகள் ரயிலை நான்ட் குவெர்னோல் வரை நீட்டினார்கள். குவாரியிலிருந்து கல் இறங்கிய சரிவுப் பாதையின் அடிவாரம் அது. சாலை வழியாக அந்த நிலையத்துக்கு வர முடியாது. ரயிலேறி வருபவர் அங்கே இறங்கி, தொழிலாளிகள் நடந்த மலையில் நடந்து ஏறலாம். குவாரியை மறைப்பதாகக் குற்றம் சாட்டப்பட்ட ரயிலே குவாரியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. 2021இல் வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பை யுனெஸ்கோ உலக மரபாக ஏற்றபோது, ஆறு பகுதிகளில் ஒன்றாகக் குவாரி, ஊர், ரயில் மூன்றும் சேர்த்தே பட்டியலில் ஏறின. தனியாக எஞ்சினுக்குக் கிடைத்த பெருமையல்ல அது. மீட்பு எவ்வளவு நேர்மையானது என்பதை அளக்க நான் பார்ப்பது இதைத்தான்: பாதை எங்கே போய் முடிகிறது, அங்கே யாருடைய மொழியில் யாருடைய கதை சொல்லப்படுகிறது?

பணம் பற்றிய மறுப்பைச் சுருக்கமாகவே பார்க்கலாம். இத்தகைய ரயில் டிக்கெட் வருமானத்தில் மட்டும் பிழைப்பது கடினம். சம்பளம் வாங்காத உழைப்பு பெருமளவு இருந்தால்தான் கணக்கு நேராகும். இதை மறைத்துத் திட்ட அறிக்கை எழுதுபவர்களை நம்பக் கூடாது. பாதையை நடைவழியாக்கினால் செலவு குறைவு என்பதும் சரிதான். டவினுக்குச் சற்று வடக்கே, 1965இல் மூடிய ஒரு ரயில்பாதை மௌத்தாக் கழிமுகத்தின் கரையோரமாக நடையும் சைக்கிளும் போகும் அருமையான வழியாக மாறியிருக்கிறது. அந்தத் தடம் சிதையாமல் பொதுச் சொத்தாக நிற்கிறது. அதுவே பெரிய லாபம். கட்டடமும் எஞ்சினும் ஆளும் எல்லாம் போய்விட்ட இடத்தில் நடைவழியே நேர்மையான மீட்பு என்பேன். கரிப்புகை பற்றிய கவலை வளர்ந்துவருகிறது. தெற்கு வேல்ஸின் ஃபோஸ் இ வ்ரான் சுரங்கம் 2023 இறுதியில் மூடியபின் மரபு ரயில்கள் வெளிநாட்டுக் கரியை நம்ப வேண்டியிருக்கிறது. இந்த ரயில்கள் எரிக்கும் கரியின் அளவு சிறியது என்றாலும், எண்ணெயும் மாற்று எரிபொருளும் சோதிக்கப்படத்தான் வேண்டும். நீலகிரியில் எண்ணெயில் ஓடும் நீராவி எஞ்சின்கள் ஏற்கெனவே உண்டு. எரிபொருள் மாறியதால் அந்த ரயிலின் மரபு குறைந்துவிடவில்லை.

இந்தியாவில் கேள்வியின் முகமே மாறுகிறது. வேல்ஸில் சிறுபாதை மூடப்பட்டபோது ஊர்க்காரருக்குப் பேருந்தும் காரும் இருந்தன. இங்கே அது பல ஊர்களுக்குக் கைக்கெட்டும் ஒரே மலிவான வண்டி. விதர்ப்பாவின் பஞ்சுக்காடுகள் வழியே ஓடிய சகுந்தலா ரயில் நாட்டுடைமையாகாமல் தனியார் கம்பெனிச் சொத்தாகவே நீடித்த அபூர்வப் பாதை. அதுவும் லங்காஷயருக்குப் பஞ்சு அனுப்பப் போட்டதுதான். 1994 வரை நீராவியில் ஓடியது. மரபு ஆர்வலர்கள் அதைச் சிறுபாதையாகவே காக்கச் சொல்கிறார்கள். வழியோர ஊர்க்காரர்கள் அகலப்பாதை கேட்கிறார்கள். இந்தத் தகராறில் நான் ஊர்க்காரர் பக்கம். நம் மதுரை – போடி பாதையையே எடுத்துக்கொள்ளலாம். 1928இல் திறந்து, இரண்டாம் உலகப் போரில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, 1950களில் திரும்பப் போடப்பட்ட மீட்டர் கேஜ் அது. 2010இல் அகலப்பாதைக்காக மூடியபின் போடி மக்கள் ரயிலைத் திரும்பக் காண 2023 வரை காத்திருந்தார்கள். ஏலக்காய் வியாபாரிக்கும் மதுரைக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கும் வேண்டிய ரயிலை அருங்காட்சியகமாக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பாதையை மாற்றும்போது ஒரு நிலையக் கட்டடத்தையும் ஒரு கைகாட்டியையும் கேங்மேன்களின் கருவிகளையும் இடத்திலேயே வைத்துக் காப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லும் உரிமை மட்டும் உண்டு.

போடிக்கு மேலே மலையில் கிடக்கும் பாதைதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி. மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன்வரை 1902இல் முதலில் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது; 1908இல் அதன் இடத்தில் சிறுபாதை ரயில் வந்தது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் கம்பிவடத்துக்கு மாறி, கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் சேர்ந்தன. மலையில் கொழுந்து கிள்ளியவர்களும் அடிவாரத்தில் பெட்டி சுமந்தவர்களும் பெரும்பாலும் தமிழர்கள். 1924 ஜூலையில், மலையாள ஆண்டுக் கணக்கால் ‘99 வெள்ளம்’ என்று இன்றும் பேசப்படும் பெருவெள்ளம் ரயிலை வாரிக்கொண்டு போனது. பிறகு அது ஓடவே இல்லை. அதை மீட்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. நூறு வருட இடைவெளி. தடத்தின் பல பகுதிகள் இன்று சாலை. எஞ்சின் இல்லை, அதை ஓட்டிய தலைமுறையும் இல்லை. மேலே சொன்ன வாதத்தின்படி அங்கே புதிதாகத் தண்டவாளம் போடுவது மீட்பாகாது. சுற்றுலா வண்டியாகத்தான் முடியும். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிவரை கம்பிவடம் இறங்கிய தடத்தை இரு மாநிலங்களும் சேர்ந்து அளந்து, மிஞ்சியிருக்கும் தூண் அடிக்கல்களைக் குறித்து, காட்டுக்குக் கேடு வராத நடைவழியாக வைத்திருக்கலாம். எஸ்டேட் லயங்களில் பாட்டன் பூட்டன் காலத்து நினைவைச் சொல்லக்கூடிய குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் சொல்வதைத் தமிழில் பதிவு செய்து, மூணாறிலும் போடியிலும் கேட்கக் கிடைக்கும்படி செய்யும் வேலை இப்போதே தொடங்கக்கூடியது.